ஐந்தாம் இதழ்

செத்த செடியைத் தாளில் ஒட்டுவதற்கென்று ஓர் ஆளா, அதற்கு ஓர் உத்தியோகமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பசையக்காவின் நாத்தனாரே ஒருமுறை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டுப் போகட்டும், வாய்க்கு வரியா போட்டிருக்கிறார்கள்? உலர்ந்த செடியை, வேரும் தெரிய, இலையின் மேற்பக்கமும் அடிப்பக்கமும் தெரிய, பூ நேராக நம்மைப் பார்க்கும்படி ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும், அது எத்தனை பொறுமையைக் கேட்கும் என்று. ஒரு தும்மல் போதும், காலையிலிருந்து பார்த்த வேலை காற்றில் போய்விடும். பசையக்கா பத்தொன்பது வருடமாக அந்த மேசையில் தும்மியதில்லை. தும்மல் வந்தால் எழுந்து வராந்தாவுக்குப் போய்த் தும்மிவிட்டு வருவாள்.

அவள் வேலை பார்த்த இடத்துக்கு உலர்தாவரக் காப்பகம் என்று பெயர். இரண்டு மாடிக் கட்டடம். உள்ளே வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், அலமாரி முழுக்கச் செடிகள். காட்டிலும் மலையிலும் பறித்ததைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்து, கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைத் தாளில் ஒட்டி, எந்த இடத்தில் எந்த நாளில் பறித்தது என்று மூலையில் சீட்டு வைத்து அடுக்கிவிட்டால் நூறு வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும். பின்னால் வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, அன்றைக்கு இந்தச் செடி இப்படித்தான் இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். அந்தக் கட்டடம் இருப்பதே அதற்குத்தான்.

ஜன்னலோரத்து மேசை அவளுடையது. பசைப் பொடியை அவளே வெந்நீரில் கரைத்துக்கொள்வாள், வேறு யாரையும் தொட விடமாட்டாள். அதனால் பசையக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த காப்பாளர் மேடம்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார், அவளும் பழகிப்போய் என்னவென்று திரும்புவாள். வெளியூர்களிலிருந்து ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் சில சமயம் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது யார் ஒட்டினது?" என்று கேட்பார்கள். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவாது. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொல்வாள். கர்வம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஒருத்தி கைவேலையைப் பற்றி அவள் கர்வப்படாமல் பக்கத்து வீட்டுக்காரியா கர்வப்படுவாள்?

அந்தக் கைதான் அவளைக் கவிழ்த்தது.

ஊரை ஒட்டிய மலைச்சரிவில் கற்களுக்கு நடுவே ஒரு காட்டுச் செடி முளைக்கும். ஒரு சாண் உயரம், இளநீலப் பூ, சட்டைப் பொத்தான் அளவு. மாணவர்கள் அதைப் பொத்தான் பூ என்பார்கள். மலை பக்கத்திலேயே இருந்ததால் செடி பறித்துப் பழகுவதற்கு வருடாவருடம் மாணவர்களை அங்கேதான் கூட்டிப்போவார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம்தான் அது தொடங்கியது, அதற்கு முந்தைய பொத்தான் பூ அலமாரியில் கிடையாது. எனவே வருடாவருடம் பசையக்காவின் மேசைக்கு ஒரு கட்டுப் பொத்தான் பூ வரும். புத்தகத்தில் அதற்கு ஐந்து இதழ் என்று போட்டிருக்கும். ஆனால் இதழ் உதிர்ப்பதில் அந்தச் செடியை மிஞ்ச ஆள் கிடையாது. மூச்சு விட்டால் ஒன்று விழும்.

உதிர்ந்த இதழுக்கு ஒரு விதி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி அது. எந்தப் பூவிலிருந்து விழுந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தால் அந்த இடத்திலேயே ஒட்டலாம், தெரியாவிட்டால் ஒரு சின்னக் காகித உறைக்குள் போட்டு அதே தாளின் மூலையில் ஒட்டிவிட வேண்டும். பசையக்கா அந்த விதியை மீறியதில்லை. கொஞ்சம் இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். சில பூக்கள் நாலே இதழோடு வரும். அந்தச் செடி வந்த செய்தித்தாளை உதறிப் பார்ப்பாள், ஐந்தாவது இதழ் அகப்படாது. சரி, மலையிலேயே விழுந்திருக்கும். அதே கட்டில் வேறொரு செடியிலிருந்து உதிர்ந்த இதழ் இருக்கும். அதை இடுக்கியால் எடுத்து, நுனியில் ஊசிமுனைப் பசை தொட்டு, இரண்டு இதழ்களுக்கு நடுவே அடியில் செருகிவிடுவாள். ஒரே மலை, ஒரே நாள், ஒரே செடி. ஓட்டைப் பல்லோடு ஒரு பூவை அலமாரிக்கு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, சொல்கிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்ற நினைப்புதான்.

அந்த வருடம் காப்பகத்துக்கு ஓர் ஆராய்ச்சியாளர் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் எப்போதும் கயிறு கட்டிய ஒரு லென்ஸ் தொங்கும், சாப்பிடும்போதுகூட. லென்ஸ் சார் என்று பெயர் விழுந்துவிட்டது. அவருடைய ஆராய்ச்சியே பொத்தான் பூவைப் பற்றித்தான். இரண்டு பருவம் மலையேறிப் பார்த்ததில், சரிவில் மூன்றில் ஒரு பங்கு செடிகளில் பூ நாலே இதழோடு இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். உதிர்ந்து நாலானதல்ல, மொட்டிலேயே நாலு. அதன் விதையைத் தொட்டியில் போட்டு வளர்த்தும் பார்த்துவிட்டார், அதிலும் நாலுதான் பூத்தது. இது புதிதாகக் கிளம்பிய வகையா, எப்போதும் இருந்ததா என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்குப் பதில் பழைய தாள்களில் இருக்கும் என்று அலமாரி அலமாரியாகத் திறந்து வாரக்கணக்கில் உட்கார்ந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை, கையில் ஒரு கோப்போடு பசையக்காவின் மேசைக்கு வந்தார். முகம் கல்யாண வீட்டுக்காரர் முகமாக இருந்தது.

"அக்கா, ஒரு நிமிஷம் இத பாருங்க. பூவுக்கு அடியில பச்சையா இருக்கு பாத்தீங்களா, மொட்டை மூடியிருந்த இதழ். அது எத்தனை?"

லென்ஸ் வழியாகப் பசையக்கா எண்ணினாள். "நாலு சார்."

"மேல நீல இதழ்?"

"அஞ்சு."

"அதான் விஷயம். மலையில இப்ப அஞ்சு நீலத்துக்கு அடியில அஞ்சு பச்சை இருக்கு, நாலு நீலத்துக்கு அடியில நாலு பச்சை இருக்கு. மாறி இருக்கிறது ஒண்ணுகூட கிடையாது. ஆனா பழைய தாள்ல, பூ சாய்ஞ்சு அடிப்பக்கம் தெரியிற மாதிரி இருக்கிற தாள்ல, பதினாலு இப்படி இருக்கு. பச்சை நாலு, நீலம் அஞ்சு. பச்சையும் நாலு நீலமும் நாலுன்னு இருக்கிறது பழசுல ஒண்ணுமே இல்ல. புரியுதா? முதல்ல பச்சை குறைஞ்சிருக்கு, அப்புறம் நீலம் குறைஞ்சிருக்கு. நடுப்படி நம்ம அலமாரியில மாட்டியிருக்கு. ஒரு செடி மாறுறத பத்து இருபது வருஷத்துக்குள்ள யாரும் இப்படிப் பிடிச்சதில்ல."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசப்போவதாகவும், நடுப்படிக்குத் தனியாக ஒரு பெயரே வைக்கலாம் என்றும் சொன்னார். கிளம்பும்போது திரும்பி நின்றார்.

"எல்லாம் உங்க கை அக்கா. வேற யாராச்சும் ஒட்டியிருந்தா அஞ்சாவது இதழ் என்னைக்கோ உதிர்ந்து போயிருக்கும்."

"நல்லது சார்" என்றாள் பசையக்கா. வேறு என்ன சொல்வது? லென்ஸ் வழியாகப் பார்த்த அந்த ஒரு நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொத்தான் பூவின் இதழ்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பக்கத்து இதழின் மேல் கிடக்கும், மறுபக்கம் அடியில் போகும். அந்தப் பூவில் ஓர் இதழ் மட்டும் இரண்டு பக்கமும் அடியில் போயிருந்தது. மேல் வைத்தால் ஒட்டுத் தெரியும் என்று அவள் எப்போதும் அப்படித்தான் செருகுவாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டாள். அவருடைய கண்டுபிடிப்பு போகும். அது மட்டுமா? பத்தொன்பது வருடத்துக் கை பொய்க்கை என்றாகிவிடும். அவள் ஒட்டிய ஒவ்வொரு தாளையும் சந்தேகத்தோடு எடுத்துப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவளுக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை, இடுக்கி கையிலிருந்து இரண்டு தடவை நழுவியது.

புதன்கிழமை மாலை வீட்டுக்காரரின் வேலையறைக்குப் போய் உட்கார்ந்தாள். அவர் பல் செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் பேர் எழுதி வரிசையாக இருக்கும், மேசையில் ரோஸ் நிற மெழுகு. ஒரு கீழ்த்தாடையில் பல்லை நிறுத்திக்கொண்டே அவள் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"அப்ப நீ பூவுக்குப் பல்லு கட்டியிருக்க" என்றார் கடைசியில்.

"சிரிக்காதீங்க. எனக்கு உசிரு போகுது."

"சிரிக்கல. எங்க தொழில்ல ஒண்ணு கேட்போம். வாயில ஒரு பல்லு குறையிதுன்னா, எடுத்ததா, முளைக்கவே இல்லையான்னு கேட்போம். சில குடும்பத்துல அப்பனுக்கும் முளைச்சிருக்காது, மகளுக்கும் முளைச்சிருக்காது. இடமே இருக்காது. அங்க போயி ஒண்ணக் கட்டினா வாய் கோணும். நீ கேட்டியா?"

"யாரக் கேக்கிறது? பூவையா?"

"செடி வந்த தாளை உதறிப் பாத்தேன்னு நீதான சொன்ன. அதுல இதழ் இல்ல. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை இல்ல. அது சொல்லியிருக்கு. நீதான் காதுல போட்டுக்கல."

பசையக்காவுக்குக் கோபம் வந்தது. ஆறுதல் சொல்வார் என்று வந்தால் மனுஷன் இப்படிப் பேசுகிறாரே என்று இருந்தது. கோபம் அவர்மேல் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னா வேலை போயிடுமா?"

"போகாதுன்னு நான் எப்படிச் சொல்றது? போனா பாத்துக்கலாம். இங்க மெழுகு உருக்க ஆள் இல்லாமத்தான் இருக்கு" என்றார் அவர். "ஆனா அந்தத் தம்பி வெள்ளிக்கிழமை நாலு பேரு முன்னால போய் நிக்கப் போறான். உன் பசையைக் காட்டி, இதான் இயற்கைன்னு சொல்லப் போறான்."

வியாழக்கிழமை காலை காப்பாளர் மேடம் அறையில் லென்ஸ் சாரும் இருந்த நேரம் பார்த்து உள்ளே போனாள். சுற்றி வளைக்கவில்லை.

"சார், அந்தப் பதினாலு தாள்ல அஞ்சாவது இதழ் நான் ஒட்டினது. அந்தப் பூவோடது இல்ல. வேற செடியில உதிர்ந்தத எடுத்து வெச்சேன். குறையா இருக்கேன்னு வெச்சேன்."

லென்ஸ் சார் கோப்பைத் திறந்து முதல் தாளைப் பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவர் கத்தியிருந்தால் பசையக்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

"எத்தனை வருஷமா?"

"சேர்ந்ததிலிருந்து."

"எல்லாச் செடியிலயுமா?"

"இல்ல சார், சத்தியமா இந்தச் செடியில மட்டுந்தான். மத்ததெல்லாம் உதிர்ந்தா உறையிலதான் போடுவேன்."

"அத நான் எப்படி நம்புறது?" அவர் எழுந்துகொண்டார். "இனிமே நான் கொண்டுவர்ற செடிய நீங்க தொட வேண்டாம்."

அவர் வெளியே போன பிறகு காப்பாளர் மேடம் பேனாவை மூடி வைத்தார். வேலையை விட்டு அனுப்புவதைப் பற்றி அவர் பேசவில்லை. "எடுக்க முடியுமா அக்கா? தாள் கிழியாம?" என்று மட்டும் கேட்டார். வெந்நீர் ஒரு சொட்டு வைத்துக் காத்திருந்தால் பசை இளகும், எடுக்கலாம் என்றாள் பசையக்கா. அப்படியானால் ஒட்டிய இதழை எடுத்து உறையில் போட்டு, இன்ன நாள் இன்னார் எடுத்தது என்று ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தத் தாளிலேயே ஒட்ட வேண்டும் என்றார் மேடம். அந்தக் கட்டடத்தில் செடியைப் பறித்தவர் பெயர் தாளில் இருக்கும், இன்ன செடி என்று கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும். ஒட்டியவர் பெயர் எந்தத் தாளிலும் கிடையாது. பசையக்காவின் பெயர் முதல்முதலாக ஏறியது இந்தச் சீட்டில்தான். முதல் நாலு சீட்டில் கையெழுத்து கோணிக்கொண்டு போனது. எழுதும்போது கண் கலங்கியதால் தாளைத் தள்ளி வைத்துவிட்டு எழுதினாள், உப்புத்தண்ணீர் செடிக்கு ஆகாது.

பதினாலும் அன்று மாலைக்குள் முடிந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். லென்ஸ் சார் கண்டுபிடித்தது அடிப்பக்கம் தெரிகிற பூக்களை மட்டும்தான். நேராக நம்மைப் பார்த்தபடி ஒட்டிய பூக்களில் பச்சை இதழ் அடியில் மறைந்துவிடும், எந்த லென்ஸுக்கும் எட்டாது. அப்படியும் அவள் செருகியிருக்கிறாள் என்பது உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி வெள்ளிக்கிழமை காலை போய், பத்தொன்பது வருடத்துப் பொத்தான் பூவையும் அலமாரியிலிருந்து இறக்கினாள். நானூற்றுப் பன்னிரண்டு தாள். ஒவ்வொரு பூவிலும் இரண்டு பக்கமும் அடியில் போன இதழ் இருக்கிறதா என்று தேடினாள். அடுத்த புதன்கிழமைவரை தேடினாள். இன்னும் இருபத்துமூன்று அகப்பட்டன. இதழை எடுத்த இடத்தில் வெற்றிடம் விழும் என்று நினைத்திருந்தாள். ஒன்றிலும் விழவில்லை. மற்ற நாலும் சரிசமமாகத் தள்ளி, நாலு மூலைக்கும் ஒன்றாக விரிந்திருந்தன. ஐந்தாவதற்கு அங்கே இடமே இருந்ததில்லை. இதைத்தான் இத்தனை வருடம் ஓட்டை என்று பார்த்தோமா என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. திருத்தப் புறப்பட்டவளுக்குப் பூவை ஒருமுறை நன்றாகப் பார்க்கத் தோன்றவில்லையே.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் லென்ஸ் சார் தன் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசவில்லை. தேடி முடித்து முப்பத்தேழு தாளையும் பசையக்கா அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தபோது அவர் மேலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசித் தாள் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தது. அதிலும் நாலு இதழ்.

"அப்ப புதுசே இல்ல" என்றார், யாரிடமோ சொல்வது மாதிரி. "எப்பவும் கலந்துதான் இருந்திருக்கு. நடுப்படியும் இல்ல, கடைசிப் படியும் இல்ல." பிறகு நிமிர்ந்தார். "இந்த இருபத்துமூணு எனக்குத் தெரியாதே. நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே சார்."

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கி வைத்தார். மன்னிப்பும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் வராந்தாவில் எதிர்ப்பட்டால் தலையசைப்பு, அதோடு சரி. அவருடைய செடிகளை ஒட்டுவதற்கு வேறு பிரிவிலிருந்து ஓர் ஆள் வந்து போனார். பசையக்கா மற்றவர்களின் செடிகளை ஒட்டினாள். வெளியிலிருந்து வருகிறவர்கள் யார் ஒட்டினது என்று கேட்டால் பதில் சொல்லாமல் பசையைக் கலக்கிக்கொண்டிருப்பாள். நாத்தனாருக்கு விஷயம் எப்படியோ எட்டி, அதற்கும் ஒரு வியாக்கியானம் வந்தது. அதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது.

அடுத்த பருவம் பூத்தபோது லென்ஸ் சார் மலைச்சரிவில் நெடுகக் கயிறு கட்டி, கயிறு தொட்ட செடியை எல்லாம் ஒன்று விடாமல் எடுத்தார். அழகானது, முழுசானது என்று பொறுக்கவில்லை. இப்படி வருடாவருடம் எடுத்தால் நாலு இதழ் பெருகுகிறதா, தேய்கிறதா, இருந்தபடியே இருக்கிறதா என்று சொல்ல முடியும். உள்ளது உள்ளபடி தாளில் ஏறினால்தான் முடியும்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்தக் கட்டை அவரே சுமந்துகொண்டு வந்து பசையக்காவின் மேசையில் வைத்தார்.

"நூத்தி அறுபது இருக்கு. மெதுவா பண்ணுங்க" என்றார்.

பசையக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். அவர் போகவில்லை, நாற்காலியின் பின்னால் நின்றார். முதல் செடியை எடுத்தாள். பூவில் நாலு இதழ். செய்தித்தாளை உதறினாள், ஒன்றும் விழவில்லை. நாலையும் நாலாகவே ஒட்டினாள். அவர் குனிந்து லென்ஸில் பார்த்தார். இரண்டாவது செடியில் ஐந்து இதழ்ப் பூக்கள், இரண்டு பூவில் ஒவ்வோர் இதழ் குறைந்திருக்க, ஒன்று மட்டும் தாளில் கிடந்தது. எந்தப் பூவோடது என்று தெரியவில்லை, உறைக்குள் போட்டாள். அதையும் பார்த்தார். அவர் மூச்சு பிடரியில் படுகிற தூரத்தில் நின்றுகொண்டிருக்க, பசையக்கா அந்த உறையைத் தாளின் மூலையில் ஒட்டினாள்.

மூன்றாவது செடியை அவள் பிரிக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். லென்ஸ் சார் டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்.